அமைதியான பிள்ளை: பதின்ம வயது மனச்சோர்வை உலகம் கண்டுகொண்ட வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்பு, என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவி ஒருத்தியின் தேர்ச்சி அறிக்கையில், "அடக்கமானவர், தொல்லை தராதவர், பாராட்டுகள்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். எழுதியபோது மனத்தில் எந்த ஐயமும் எழவில்லை. முப்பது பேர் கூச்சலிடும் வகுப்பில் கூச்சலிடாத பிள்ளை ஒன்று இருப்பது எத்துணை ஆறுதல் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, காலைச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய தாயார் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மகள் மூன்றாம் படிவம் படிக்க வேண்டியவள். பள்ளிக்குச் செல்வதை நிறுத்தி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. உணவு இறங்கவில்லை, உறக்கம் இல்லை, கேட்டால் பதில் இல்லை. மனச்சோர்வு என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். "உங்ககிட்ட படிச்சப்ப எவ்வளவு அமைதியா இருந்தா, டீச்சர்!" என்று சொல்லி அந்த அம்மா கண் கலங்கினார். அவர் என்னைக் குறை கூறவில்லை. பழைய நாளை நினைத்து ஏங்கினார், அவ்வளவுதான். ஆனால், அந்தச் சொல் என்னைக் குத்தியது. நான் பாராட்டி எழுதிய அந்த அமைதியே துயரத்தின் தொடக்கமாக இருந்திருக்குமோ?

அன்று மாலை, ஆசிரியர் பயிற்சிக் காலத்துக் குறிப்பேடுகளைத் தேடி எடுத்தேன். குழந்தை உளவியல் பாடத்தில் ஜான் பௌல்பி என்ற பெயர் அரைப் பக்கத்தில் முடிந்திருந்தது. பெயர், ஆண்டு, கோட்பாடு, தேர்வுக்கு வரக்கூடிய நான்கு வரிகள்! அந்த அரைப் பக்கத்தின் பின்னே எத்தனை பெரிய வரலாறு இருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தறிந்தேன். பிள்ளைகளின் துயரம் பெரியவர்களின் கண்முன்னே இருந்தும், கற்றோர் பலர் அதைப் பல்லாண்டுகள் காணாமல் இருந்த வரலாறு அது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிள்ளை வளர்ப்பைப் பற்றி உரக்கப் பேசியவர்கள் அன்பைக் குறைக்கச் சொன்னவர்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் 1928இல் வெளியிட்ட பிள்ளை வளர்ப்பு நூலில், குழந்தைகளைக் கட்டியணைக்காதீர்கள், மடியில் அமர்த்தாதீர்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை கூறினார். முத்தமிட்டே தீரவேண்டுமென்றால் இரவில் உறங்கச் செல்லும்போது நெற்றியில் ஒரு முறை போதுமாம். காலையில் கைகுலுக்கினால் போதுமாம்! அந்நூலை எழுதியபோது அவர் பல்கலைக்கழகத்தை விட்டு விலகி விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அன்பு பிள்ளையைக் கெடுக்கும், கண்டிப்பு உருவாக்கும் என்ற எண்ணம் அன்று அறிவியலின் உடையை அணிந்து நின்றது. நம்மவரிடையே 'அடியாத மாடு படியாது' என்று சொல்லி வந்தவர்களுக்கு வாட்சனைத் தெரியாது. ஆயினும், இரு தரப்பாரும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்தவர்கள்தாம்.

இந்த எண்ணத்தை முதலில் அசைத்தவர்களுள் ஒருவர் ரெனே ஸ்பிட்ஸ். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர். 1945, 1946ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட ஆய்வுகள் இரண்டு இடங்களை ஒப்பிட்டன. ஒன்று, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான விடுதி. மற்றொன்று, பெண்கள் சிறையோடு சேர்ந்த குழந்தைக் காப்பகம். விடுதியில் தூய்மை இருந்தது, நல்ல உணவு இருந்தது, மருத்துவமும் இருந்தது. ஆனால், ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு தாதி. தொற்று பரவாமல் இருக்கத் தொட்டில்களைச் சுற்றித் துணி தொங்கவிட்டிருந்தார்கள். குழந்தைகள் பார்க்க முடிந்தது கூரையை மட்டுமே. சிறைக் காப்பகத்தில் வசதி குறைவு. ஆனால், தண்டனை பெற்ற தாய்மார்களே தம் குழந்தைகளைத் தூக்கி வளர்த்தார்கள். விளைவு என்ன தெரியுமா? விடுதியில் இருந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். சிறைக் காப்பகத்தில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. தாயைப் பிரிந்த குழந்தைகள் முதலில் அழுது, பிறகு அழுகையை நிறுத்தி, முகத்தில் எந்த உணர்ச்சியும் இன்றிக் கிடந்ததை ஸ்பிட்ஸ் பதிவு செய்தார். அந்நிலைக்குப் 'பற்றிழந்த மனச்சோர்வு' என்னும் பொருள்படப் பெயரிட்டார். ஒரு வயது நிறையாத குழந்தைக்கும் மனச்சோர்வு வரும் என்று ஒரு மருத்துவர் சொன்னதை அன்று பலர் ஏற்கவில்லை.

பௌல்பியின் வாழ்க்கையும் இங்கே நினைவுகூரத்தக்கது. 1907இல் இலண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அக்காலத்து ஆங்கிலேயச் செல்வர் வீட்டு வழக்கப்படி, தாயைச் சிறிது நேரமே காண்பார், வளர்த்தவர் தாதியே. அந்தத் தாதி இவருக்கு நான்கு வயது நிறையும் முன்பே வேலையை விட்டுச் சென்றுவிட்டார். அது தாயை இழந்ததற்கு ஒப்பான துயரம் என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். 1939இல் போர் மூண்டு, குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டன் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கிராமப்புறங்களுக்கு அனுப்பியபோது, மிகச் சிறு குழந்தைகளை அவ்வாறு பிரிப்பது மனத்தைப் பாதிக்கும் என்று மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதிய மூவருள் இவரும் ஒருவர். 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக இவர் எழுதிய அறிக்கைதான், அன்பு குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்பதை அரசாங்கங்களின் மேசைக்குக் கொண்டுசென்றது.

ஆனால், என்னை உலுக்கியவர் பௌல்பி அல்லர். அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன். என் குறிப்பேட்டில் இவர் பெயரே இல்லை! போர்க்காலத்தில் அன்னா ஃபிராய்ட் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தவர் இவர். அங்கே ஒரு நல்ல விதி இருந்தது. சமையல் செய்பவர் முதல் யாவரும் குழந்தைகளிடம் தாம் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுதித் தரவேண்டும். கூர்ந்து பார்க்கும் பழக்கம் ராபர்ட்சனுக்கு அங்கேதான் வந்தது.

1948 முதல் இவர் மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளுக்குச் சென்று பார்த்தார். அக்காலத்தில் பெற்றோர் தம் பிள்ளையை வந்து பார்க்கக் கடும் கட்டுப்பாடு இருந்தது. வாரத்தில் ஒரு நாள், சில மணி நேரம் மட்டுமே அனுமதித்த மருத்துவமனைகளும் உண்டு. தாய் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது, ஆகவே வராமல் இருப்பதே நல்லது என்பது மருத்துவமனையின் கணக்கு. முதல் சில நாள் அழுத பிள்ளை பிறகு அடங்கிவிடும். 'பழகிவிட்டது' என்று தாதியர் மகிழ்ந்தார்கள். ராபர்ட்சன் அந்தப் படுக்கையருகே நாள்கணக்கில் அமர்ந்து பார்த்துச் சொன்னார்: அது பழக்கம் அன்று. முதலில் பிள்ளை அழுது எதிர்க்கிறது. பிறகு நம்பிக்கை இழக்கிறது. இறுதியில், தாய் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான் என்பதுபோல் ஒட்டாமல் விலகிவிடுகிறது. அடங்கிய பிள்ளை என்று நாம் நினைப்பது அந்த இரண்டாம், மூன்றாம் நிலைகளைத்தான்.

சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. எனவே, ஒரு சிறு படக்கருவியை வாங்கினார். காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒரு குழந்தையைக் கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்வதுபோலத் தெரிவு செய்தார். அழுமூஞ்சிப் பிள்ளையைத் தேடிப் பிடித்தார் என்று எவரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? அப்படிக் கிடைத்தவள் லாரா என்ற இரண்டரை வயதுச் சிறுமி. சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். நாள்தோறும் குறித்த நேரத்தில், சுவர்க் கடிகாரமும் தெரியும்படி அவளைப் படமெடுத்தார். 1952இல் வெளிவந்த அந்த ஒலியில்லாப் படத்தில் லாரா கதறி அழுவது குறைவு. அவள் வயதுக்கு மீறிய அடக்கம் உடையவள். அம்மா எங்கே என்று அடக்கிய முகத்தோடு கேட்கிறாள். வீடு திரும்பும் நாளில் தன் பொருள்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு நடக்கிறாள். தாயின் கையை மட்டும் பிடிக்க மறுக்கிறாள்.

அந்தப் படம் இலண்டனில் மருத்துவர்களுக்குத் திரையிடப்பட்டபோது பலர் சினந்தார்கள். மருத்துவமனைகளை இழிவுபடுத்துகிறார் என்றார்கள். ஆனால், 1959இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை நடைமுறைக்கு வரப் பெற்றோர்களே இயக்கம் நடத்தவேண்டியிருந்தது. இன்று நம் அரசாங்க மருத்துவமனையில் பிள்ளையின் கட்டில் அருகே நாற்காலி போட்டு அம்மா உறங்குகிறாரே, அந்த நாற்காலிக்குப் பின்னால் இப்படி ஒரு போராட்டம் இருக்கிறது.

இவையெல்லாம் சிறு குழந்தைகளைப் பற்றியவை. பதின்ம வயதினரின் நிலை வேறு விதமாகச் சிக்கியிருந்தது. 1904இல் ஸ்டான்லி ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர் வளரிளம் பருவத்தைப் பற்றி எழுதிய பெருநூல், அப்பருவத்தைப் புயலும் கொந்தளிப்புமான பருவமாகச் சித்திரித்தது. அந்தச் சித்திரம் மக்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. எல்லாப் பிள்ளைகளும் அந்த வயதில் அப்படித்தான் இருப்பார்கள், வயது ஏறினால் சரியாகிவிடும் என்றால் பிறகு எதைத்தான் நோயென்று பார்ப்பது? இன்னொரு பக்கம், உளப்பகுப்பாய்வு வழிவந்த மருத்துவர்கள் பலர், மனச்சான்று முழுமையாக உருவாகாத பிள்ளைக்கு உண்மையான மனச்சோர்வு வரவே முடியாது என்று 1960களிலும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆக, சிறியவர்களுக்கு வர முடியாது, பெரிய பிள்ளைகளுக்கோ அது இயல்பு! இப்படி இரண்டு கதவுகளும் அடைபட்டுக் கிடந்தன. 1971இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஐரோப்பியக் குழந்தை மனநல மருத்துவர்கள் கூடி, குழந்தைப் பருவ, வளரிளம் பருவ மனச்சோர்வையே மாநாட்டின் பொருளாக எடுத்துப் பேசியது ஒரு திருப்பம். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பு, பெரியவர்களுக்குரிய அளவுகோல்களைக் கொண்டே பிள்ளைகளின் மனச்சோர்வையும் கண்டறியலாம் என்று ஏற்றது. பின்னர் வந்த பதிப்புகள், பிள்ளைகளிடம் சோகத்துக்குப் பதில் எரிச்சலும் சிடுசிடுப்பும் தெரியலாம் என்று சேர்த்துக்கொண்டன. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சிடுசிடுப்பை 'வாய்க்கொழுப்பு' என்று தள்ளிவிடும் பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

ஆசிரியர்களுக்கு மிக முக்கியமான ஆய்வு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் தெற்கே உள்ள வைட் தீவில், மைக்கேல் ரட்டரும் அவருடைய குழுவினரும் 1964 முதல் அத்தீவின் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். அதே பிள்ளைகளைப் பதினான்கு, பதினைந்து வயதில் மீண்டும் சந்தித்தார்கள். பெற்றோரைக் கேட்டார்கள், ஆசிரியர்களைக் கேட்டார்கள். அவற்றோடு நில்லாமல், பிள்ளைகளையும் நேரில் அமர்த்திக் கேட்டார்கள். இன்று இது எளிய செயலாகத் தோன்றலாம், அன்று புதுமை. 1976இல் வெளிவந்த முடிவுகள் இரண்டு எண்ணங்களை உடைத்தன. முதலாவது, பதின்ம வயதில் பிள்ளைகள் பெற்றோரை வெறுத்து விலகுவது இயல்பு என்ற எண்ணம். பெரும்பாலான பிள்ளைகள் அப்படி விலகியிருக்கவில்லை. இரண்டாவது, பிள்ளைக்குத் துயரம் இருந்தால் வீட்டிலும் வகுப்பிலும் தெரிந்துவிடும் என்ற எண்ணம். தம்மைத் தாமே தாழ்வாக எண்ணி மனம் வாடுவதாகப் பிள்ளைகளில் கணிசமானோர் நேரில் கூறினார்கள். அவர்களுடைய பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் அது பெரும்பாலும் தெரியவே இல்லை! பத்து வயதில் மிக அரிதாக இருந்த மனச்சோர்வு, பதினான்கு வயதுக்குள் பன்மடங்காகி இருந்ததையும் அவர்கள் கண்டார்கள்.

இதைப் படித்தபோது என் மாணவியின் வயதைக் கணக்கிட்டேன். என்னிடம் பன்னிரண்டு, தாயார் என்னைச் சந்தித்தபோது பதினைந்து. தீவில் குழு வந்து கேட்டது. எங்கள் பள்ளியில் நான் கேட்டிருக்க வேண்டும்.

பெற்றோரின் வளர்ப்பு முறைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஆஸ்திரேலியாவின் சிட்னியில் கார்டன் பார்க்கர் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1979இல் இருபத்தைந்து கூறுகள் கொண்ட வினாப்பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். பதினாறு வயது வரை தம் தாயும் தந்தையும் தம்மிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்று வளர்ந்தவர்கள் நினைவுகூர்ந்து குறிக்க வேண்டும். சில கூறுகள் பரிவை அளக்கும். மற்றவை கட்டுப்பாட்டை அளக்கும். இவ்விரண்டையும் தனித்தனிக் கோடுகளாகப் பிரித்ததில்தான் இவ்வாய்வின் அருமை இருக்கிறது. கண்டிப்பானவர் என்றால் பரிவில்லாதவர் என்றும், பரிவானவர் என்றால் செல்லம் கொடுத்துக் கெடுப்பவர் என்றும் நாம் ஒரே கோட்டில் வைத்துப் பேசிப் பழகிவிட்டோம். பரிவும் கட்டுப்பாடும் சேர்ந்த வீடு உண்டு. பரிவு குறைந்து கட்டுப்பாடு மட்டும் மிகுந்த வீடும் உண்டு. 'அன்பற்ற கட்டுப்பாடு' என்று பார்க்கர் பெயரிட்ட இந்த வகையே, மனச்சோர்வுக்கு ஆளானவர்களின் நினைவுகளில் மற்றவர்களைவிட மிகுதியாக வந்தது. சோர்ந்த மனம் பழைய நினைவையும் இருட்டாகக் காட்டுமே என்று கேட்கலாம். பார்க்கரும் அதைச் சோதித்தார். சோர்வு நீங்கிய பிறகும் அவர்களுடைய விடைகள் பெரிதும் மாறவில்லை.

இந்த இடத்தில் பெற்றோர் மனம் நோகக்கூடும். ஆகவே, வரலாற்றின் ஒரு கசப்பான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பழியையும் தாயின் தலையில் கட்டிய காலமும் இருந்தது. மனவிறுக்கம் எனப்படும் ஆட்டிசம் தாயின் குளிர்ந்த மனத்தால் வருகிறது என்று 1960களில் நம்பப்பட்டது. அது முற்றிலும் தவறென்று பின்னர் தெளிவானது. அதற்குள் எத்தனை தாய்மார்கள் நொந்திருப்பார்கள்! மனச்சோர்விலும் வளர்ப்பு முறை ஒரு பங்குதான். 2007இல் நாற்பத்தைந்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், பிள்ளைகளின் மனச்சோர்வில் காணும் வேறுபாட்டில் 8 விழுக்காட்டை மட்டுமே வளர்ப்பு முறையோடு தொடர்புபடுத்த முடிந்தது என்றார்கள். மரபணு, இழப்பு, பகடிவதை, வறுமை, பெற்றோரின் நோய் என எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனால், அந்த 8 விழுக்காட்டுக்குள்ளும் ஒரு செய்தி இருக்கிறது. கட்டுப்பாட்டைவிட, பிள்ளையை வெறுத்து ஒதுக்குவதும் சுடுசொல்லும்தான் மனச்சோர்வோடு வலுவாகத் தொடர்புடையவையாக இருந்தன.

இன்னோர் ஆய்வு எனக்கு மிகவும் ஆறுதல் தந்தது. அமெரிக்காவில் மிர்னா வைஸ்மன் குழுவினர் 2006இல் வெளியிட்டது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற தாய்மார்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் கவனித்தார்கள். மூன்று மாதத்தில் தாயின் நோய் நீங்கிய குடும்பங்களில், பிள்ளைகளின் மனநலமும் தேறியது; தாய் தேறாத குடும்பங்களில் பிள்ளைகளின் நிலை மோசமாகியது. பிள்ளையைக் காப்பாற்றும் வழிகளுள் ஒன்று தாயைக் கவனிப்பது!

நம் நாட்டுக்கு வருவோம். மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு, 2017இல் இடைநிலைப்பள்ளி மாணவர்களில் 18.3 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்ததாகக் கூறியது. 2022ஆம் ஆண்டு ஆய்வில் அது 26.9 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ நால்வரில் ஒருவர். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த மாணவர் நல ஆய்வு, நம் நாட்டிலும் நடத்தப்பட்டது. அதன் வினாக்களுள் சில பெற்றோரைப் பற்றியவை. உன் கவலைகளைப் பெற்றோர் புரிந்துகொள்கிறார்களா? ஓய்வு நேரத்தில் நீ என்ன செய்கிறாய் என்று அவர்களுக்குத் தெரியுமா? உன் அனுமதி இல்லாமல் உன் பொருள்களைத் துழாவுகிறார்களா? பார்க்கர் வரைந்த இரண்டு கோடுகளையும் இவ்வினாக்களில் காணலாம்.

நம்மில் பலர் தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள். அப்பா அதிகம் பேசமாட்டார், கண்ணாலேயே அடக்குவார். ஆனால், பக்கத்து வீட்டில் பாட்டி இருந்தார், எதிர் வீட்டில் அத்தை இருந்தார். அப்பாவின் கட்டுப்பாட்டுக்கு அவர்களுடைய மடி ஈடு செய்தது. தோட்டம் கைவிட்டுப் போய், அடுக்குமாடி வீட்டுக்கும் தாமானுக்கும் வந்தபோது கட்டுப்பாட்டைக் கையோடு கொண்டுவந்தோம். பாட்டியின் மடியைக் கொண்டுவர இயலவில்லை. இரவு வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோர் பிள்ளையிடம் பேசும் ஒரே பேச்சு, "வீட்டுப்பாடம் செஞ்சிட்டியா?" என்பதாகச் சுருங்கிவிட்டது. இது என் சொந்தக் கணிப்பு. எந்த ஆய்விலும் படித்ததன்று. என் வீட்டிலும் அதே பேச்சுத்தான் நடந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மறைக்கும் வழக்கமும் நம்மிடம் வலுவாக உண்டு. தற்கொலை முயற்சி நம் நாட்டில் 2023 வரை தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தது. அவ்வாண்டுதான் அச்சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் காவல்துறைக்குப் பதில் சொல்லவேண்டுமே என்று அஞ்சிய பெற்றோர்களைக் குறைகூற முடியாது. இப்போது அந்த அச்சம் வேண்டியதில்லை. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் காட்டலாம். 2022இல் அமைச்சு தொடங்கிய 15555 என்ற ஹீல் உதவி எண்ணையும் அழைக்கலாம். இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியரை நாடலாம்.

அந்தத் தாயாரைப் பிறகு இரண்டு முறை வீட்டில் சென்று பார்த்தேன். கணவர் இறந்த பிறகு அவரும் சரியாக உறங்குவதில்லை என்பதை இரண்டாம் முறைதான் சொன்னார். மகளை அழைத்துச் செல்லும் அதே மருத்துவரிடம் தம்மைப் பற்றியும் கூறும்படி சொன்னேன். சொன்னாராம். மகள் ஓராண்டு கழித்துப் பள்ளிக்குத் திரும்பினாள். மருந்தும் ஆலோசனையும் தொடர்ந்தன. நல்ல நாளும் உண்டு, அல்லாத நாளும் உண்டு.

தேர்ச்சி அறிக்கையில் 'தொல்லை தராதவர்' என்ற சொல்லை இப்போது நான் எழுதுவதில்லை. அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாதபோது, அந்தப் பிள்ளையை ஓய்வு வேளையில் அழைத்துச் சற்று நேரம் பேசிவிட்டு வந்து எழுதுகிறேன். ஆண்டிறுதியில் இதனால் என் அறிக்கைகள் தாமதமாகும். தலைமையாசிரியரிடம் ஏச்சும் கிடைக்கும்.

கடந்த தீபாவளிக்குத் தாயும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். முறுக்கை ஒரு கடி கடித்துவிட்டு, "டீச்சர், இது கல்லு மாதிரி இருக்கு" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள் அவள். தாயார் அதட்டப் போனார். நான் தடுத்துவிட்டேன்.